மடுகரைப் பக்கத்து மலைப்பகுதி

மடுகரைக்கும் கரையாம்புத்தூருக்கும் நடுவே, கரும்புக் கொல்லைகளுக்குப் பின்னால் ஒரு ஊர் இருக்கிறது. அந்த ஊரில் ஒரு மலை இருக்கிறது. இதில் சந்தேகம் உள்ளவர்கள் ஊர் எல்லையைத் தாண்டும் வரை வாயைப் பொத்திக்கொண்டு போவது உடம்புக்கு நல்லது.

சுற்றுவட்டாரத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தரை தட்டையாகத்தான் கிடக்கும். நெல், கரும்பு, நடுநடுவே சவுக்கு. முருகன் கோயிலும் ஒரு காலத்தில் தரையோடு தரையாகத்தான் இருந்தது. முருகன் என்றால் மலைமேல் இருக்கவேண்டியவர், அவரைக் கொண்டுபோய்த் தெருமுனையில் உட்காரவைத்தது தப்பு என்று அப்போது தர்மகர்த்தாவாக இருந்த பச்சையப்பனின் அப்பாவுக்கு ஒருநாள் உறைத்திருக்கிறது. கோயில் குளத்தைத் தூர் வாரிய வருடம் அது. வாரிய மண்ணையெல்லாம் பக்கத்திலேயே கொட்டச் சொல்லி, இடித்து இறுக்கி, சாமியை மேலே தூக்கி வைத்துவிட்டார். உயரம் என்று பார்த்தால் ஒரு வீட்டு மொட்டைமாடி அளவு இருக்கும். ஆனால் அந்த ஊரில் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

முன்பக்கம் படி. பின்பக்கம் வண்டி ஏறுவதற்கு ஒரு சரிவு, அது கீழே நேராகக் குளத்தில் போய் முடியும். படி ஏறுகிறவர்கள் பாதியில் நின்று, இடுப்பில் கை வைத்து, மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே போகவேண்டும். வாலிபால் ஆடுகிற பையன்கள்கூட நிற்பார்கள். நிற்காமல் ஏறினால் மலையை மதிக்கவில்லை என்று அர்த்தம். பௌர்ணமிக்குக் கிரிவலம் உண்டு. வாயில் போட்ட வெற்றிலை மென்று முடிவதற்குள் ஒரு சுற்று வந்துவிடும் என்பதால், கால் வலிக்கிற வரை சுற்றுவார்கள். மார்கழியில் மேலே குளிரும் என்று சால்வை எடுத்துப் போகிறவர்களும் உண்டு. கீழே கலியம்மாள் நடத்துகிற கடைக்குப் பெயர் அடிவாரம் டீ ஸ்டால்.

இப்போது தர்மகர்த்தா பச்சையப்பன்தான். அவருடைய கூடப்பிறந்த தம்பி ஒருமுறை பேச்சுவாக்கில், "நம்ம மேட்டுல லைட்டு எரியல" என்றார். மேடு என்று சொன்னதோடு சரி, அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றது. எதிர்வீட்டில் இருக்கிற சித்தப்பாவுக்குப் பத்திரிகை வைக்காமலேதான் பச்சையப்பன் மகள் கல்பனாவின் கல்யாணம் நடந்தது. அந்தக் கல்பனாவைக் கட்டியவன்தான் நம் புகழ்வேந்தன்.

புகழ்வேந்தன் மதகடிப்பட்டு சந்திப்பில் ரெக்கவரி வண்டி வைத்திருந்தான். வழியில் நின்றுபோன கார்களை ஏற்றிக்கொண்டு வருகிற வண்டி. தனியாக அலைந்தால் வேலை அமையாது என்று, பெங்களூரில் தலைமை அலுவலகம் உள்ள ஒரு கம்பெனியோடு சேர்ந்தான். யாருடைய கார் எங்கே நின்றாலும் அந்தக் கம்பெனிக்குப் போன் பண்ணுவார்கள், கம்பெனி இவனுக்குச் சொல்லும். கம்பெனி விட்டுவிட்டால் வண்டியை ஓரம்கட்டிவிட்டு உட்காரவேண்டியதுதான்.

சேர்ந்த அன்றைக்குத்தான் வினையே ஆரம்பித்தது. கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் பண்ணி விவரம் கேட்டாள். கையெல்லாம் கிரீஸ் என்பதால் புகழ்வேந்தன் ஸ்பீக்கரில் போட்டான். பக்கத்தில் மாமனார் பச்சையப்பன் பக்கோடா தின்றுகொண்டிருந்தார். அந்தப் பெண் பெயர், வண்டி நம்பர் எல்லாம் கேட்டுவிட்டு, "உங்க பகுதியில மலை இருக்குங்களா?" என்றாள்.

பச்சையப்பன் மெல்வதை நிறுத்தினார். புகழ்வேந்தன் அவர் முகத்தைப் பார்த்தான். எதிர்வீட்டுச் சித்தப்பா ஞாபகத்துக்கு வந்தார். "இருக்குங்க" என்றான். பச்சையப்பன் மறுபடி மெல்ல ஆரம்பித்தார்.

அந்த ஒரு வார்த்தையில் கம்பெனி கம்ப்யூட்டரில் அந்த வட்டாரமே மலைப்பகுதி ஆகிவிட்டது. என்ன கேட்டார்கள், ஏன் கேட்டார்கள் என்று புகழ்வேந்தனுக்கு அப்புறம்தான் தெரிந்தது. மலைப்பகுதி ஆள் என்றால் வண்டியில் வின்ச் கட்டாயம், அதாவது பள்ளத்தில் கிடக்கிற காரைக் கம்பி வடத்தால் சுற்றி இழுக்கிற மோட்டார். வாங்கி மாட்டினான். அதன்மேல் போட்ட சாக்கை எடுக்க ஒருநாளும் அவசியம் வரவில்லை. அந்த வட்டாரத்தில் நின்றுபோன கார் எதற்கும் பள்ளம் என்று ஒன்று கிடைக்காததே காரணம்.

வண்டி நின்று உதவி கேட்கிறவர்களுக்குக் கம்பெனியிலிருந்து ஒரு மெசேஜ் போகும். நீங்கள் மலைப்பகுதியில் இருக்கிறீர்கள், கைப்பிரேக்கை இழுங்கள், சக்கரத்துக்குக் கல் வையுங்கள், பள்ளத்தாக்குப் பக்கமாக இறங்காதீர்கள், வனவிலங்கு நடமாட்டம் இருந்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே இருங்கள். பண்ருட்டியிலிருந்து வந்த ஒரு குடும்பம் இதை அப்படியே நம்பி, சித்திரை வெயிலில் நான்கு கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டு கரும்புக் கொல்லை ஓரம் வெந்துகொண்டிருந்தது. புகழ்வேந்தன் போய்ச் சேர்ந்தபோது ஒரு பசுமாடு காரில் முதுகு தேய்த்துக்கொண்டிருக்க, உள்ளே இருந்தவர் விலங்கு வந்துவிட்டதாகக் கம்பெனிக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இவன் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே கடத்தியிருப்பான். ஆனால் கம்பெனி அவனுக்கு விருது கொடுத்துவிட்டது. தென்னிந்தியாவிலேயே சிறந்த மலைப்பகுதி மீட்பாளர் என்று ஒரு கேடயம். மற்ற மலைகளில் வண்டி போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகிற இடத்தில் இவன் இருபது நிமிடத்தில் போகிறான், இத்தனை நாளில் ஒரு கார்கூட இவன் பகுதியில் பள்ளத்தாக்கில் விழவில்லை. பச்சையப்பன் கேடயத்தை வாங்கிக்கொண்டுபோய் முருகன் காலடியில் வைத்துவிட்டார். விருது பெற்றவன் எப்படி வேலை செய்கிறான் என்று நேரில் பார்த்து மற்ற மலைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, கம்பெனி ஒரு அதிகாரியை அனுப்பியது.

அதிகாரி வருகிற அன்று காலையில் புகழ்வேந்தன் ஒரு இட்லியோடு எழுந்துவிட்டான். கல்பனா தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள், "இன்னா வேணா பேசு. எங்கப்பா எதிருல அந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்லிடாத. அப்புறம் நான் அந்த வூட்டுப் பக்கம் தல வச்சிப் படுக்க முடியாது."

வந்த அதிகாரியின் பெயர் உலகநாதன். அமைதியான மனிதர், வயது ஐம்பதுக்கு மேல். அவர் பிறந்து வளர்ந்தது குன்னூர். இதைக் கேட்டதுமே புகழ்வேந்தன் முருகனைக் கும்பிட்டுக்கொண்டான். மலை எங்கே என்று அவர் கேட்டார். அவர் காரின் முன்கண்ணாடியில் அது ஏற்கெனவே தெரிந்துகொண்டிருந்தது. புகழ்வேந்தன் கையைக் காட்டினான். உலகநாதன் அந்தக் கைக்கு அப்பால், அதற்கும் அப்பால், வானம் வரை தேடிவிட்டுத் திரும்ப வந்தார்.

பங்குனி உத்திரத்துக்கு ஒரு வாரம் இருந்தது. அடிவாரத்தில் தேர்வடத்தை வெயிலில் காயப்போட்டிருந்தார்கள். பச்சையப்பன் புது வேட்டியில், மாலையோடு நின்றார். கூட ஊரில் பாதி. உலகநாதன் காரை விட்டு இறங்காமல் பின்பக்கச் சரிவில் ஒரே மூச்சில் ஏறி, கோயிலைப் பார்த்தபடி உச்சியில் நிறுத்தினார். குன்னூரில் பிறந்தவருக்கு வண்டியை நிறுத்தினால் கை தானாகக் கைப்பிரேக்குக்குப் போகும். போனது. அவர் அதைத் தடுத்து, "இதுக்குப் போய் ஹேண்ட்பிரேக்கா" என்று புகழ்வேந்தனிடம் மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு இறங்கினார். கல்லும் வைக்கவில்லை. மூச்சும் வாங்கவில்லை. கூட்டம் இதைக் கவனித்தது.

அவர் போனை எடுத்து உயரம் அளந்தார். கடல் மட்டத்திலிருந்து ஏதோ ஒரு சின்ன எண் வந்தது. பச்சையப்பனுக்கு முகம் சுருங்கியது.

"கடல்லருந்து அளந்தா எப்டி சார்? கடல் எங்கயோ கீது," என்றார். "கொளத்துலருந்து அளங்க. மண்ணு அங்கருந்துதான் வந்துச்சி."

உலகநாதன் கெட்டவர் இல்லை. அவர் புகழ்வேந்தனை வேல் நட்டிருந்த மூலைக்குத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். இது மலை என்று அவர் மேலிடத்தில் சொன்னால் அவர் வேலை போய்விடும். பொய்யாகப் பதிந்தான் என்று சொன்னால் இவன் வேலை போய்விடும். ஒரே வழி, தெரியாமல் நடந்த தப்பு என்று இவன் தன் குரலிலேயே சொல்லவேண்டும். மலை இருக்கிறது என்று சொன்னது கம்பெனியில் பதிவாகியிருக்கிறது, இல்லை என்று சொல்வதும் அதேபோல் பதிவாகவேண்டும். சொல்லிவிட்டால் சமவெளிக் கணக்கில் மாற்றி வேலையைத் தொடரச் செய்துவிடுவார். கேடயத்தை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். இன்றைக்குச் சொல்லவில்லை என்றால் நாளை முதல் அழைப்பு எதுவும் வராது.

அவர் போனில் ரெக்கார்டிங்கைப் போட்டு அவன் வாய்க்கு நேராக நீட்டினார்.

தனியாகக் கூட்டிக்கொண்டு போனார் என்று பெயர்தானே தவிர, மலை உச்சியில் தனி இடம் என்று எதுவும் கிடையாது. நான்கு அடி தள்ளி மாமனார் நின்றார். அவருக்கு எல்லாம் கேட்டது. அவர் கோபமாகப் பார்த்திருந்தால்கூட புகழ்வேந்தனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் தலையைக் குனிந்துகொண்டு மாலையில் ஒரு பூவைக் கிள்ளிக்கொண்டிருந்தார். அப்பா கட்டிய மலை, மருமகன் வாயால் இல்லையென்று ஆகப்போகிறது. மனுஷனுக்கு எப்படி இருக்கும் என்று புகழ்வேந்தன் நினைத்தான். ஆனால் கீழே நிற்கிற ரெக்கவரி வண்டியும் அங்கிருந்தே தெரிந்தது. அந்த வண்டி ஓடவில்லை என்றால் அவன் குடும்பம் ஓடாது.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "எங்க ஏரியால மலை..." என்று ஆரம்பித்தான்.

அந்த நேரம் பார்த்துக் கனகாம்பாள் மேலே வந்து சேர்ந்தாள். பூசாரி பக்கிரியின் சம்சாரம், கொஞ்சம் பருத்த உடம்பு. அதிகாரிக்கென்று சர்க்கரைப் பொங்கல் செய்து, பாத்திரத்தோடு படி ஏறியிருந்தாள். படிப் பாதியில் ஒருமுறை முறைப்படி நின்றாயிற்று. விருந்தாளி முன்னால் மலைக்குக் கூடுதல் மரியாதை செய்யவேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, உச்சியிலும் ஒருமுறை மூச்சு வாங்கத் தீர்மானித்து, கைக்கு வாகாக நின்ற காரின் முன்பக்கத்தில் முதுகைச் சாய்த்து, "யப்பா முருகா" என்று முழு பாரத்தையும் இறக்கினாள்.

கார் அவள் முதுகை விட்டு மெதுவாக விலகிப் போனது. முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு சரிவின் விளிம்பைத் தாண்டியதும் அது தன் பாட்டுக்கு வேகம் எடுத்து, பின்பக்கமாகவே இறங்கி, கலியம்மாள் கடையின் ஓரமாக வளைந்து, குளத்தில் போய் உட்கார்ந்தது. பின் கதவு தண்ணீருக்குள். இரண்டு முன்விளக்கும் மலையைப் பார்த்தபடி இருந்தன.

"ஐயோ, வண்டி உருளுது" என்று போனில் பதிவான குரல் உலகநாதனுடையது.

உண்மையைச் சொன்னால் புகழ்வேந்தன் சந்தோஷப்பட்டான். உடனே அதற்காக வெட்கப்பட்டான். அதற்குள் உலகநாதன் பதற்றத்தில், மீட்பு வண்டிக்காரன் பக்கத்திலேயே நிற்பதை மறந்து கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டார். அவருக்கு மெசேஜ் வந்தது. நீங்கள் மலைப்பகுதியில் இருக்கிறீர்கள். கைப்பிரேக்கை இழுங்கள். அடுத்த நொடி புகழ்வேந்தன் சட்டைப்பையில் போன் அடித்தது. அவன் எடுத்து, வந்துகொண்டே இருக்கிறேன் என்று கம்பெனிக்குச் சொல்லிவிட்டுப் படியில் இறங்கி ஓடினான். பாதியில் நின்று மூச்சு வாங்கவும் மறக்கவில்லை.

விருது வாங்கிய மலைப்பகுதி மீட்பாளர் அன்றைக்குத்தான் வின்ச்சின் மேலிருந்த சாக்கை எடுத்தான். ரெக்கவரி வண்டியைக் குளக்கரையில் நிறுத்தி, கம்பியைக் காரில் மாட்டி, பொத்தானை அமுக்கினான். மோட்டார் சுற்றியது, கம்பி விறைத்தது, எல்லாரும் காரையே பார்த்துக்கொண்டிருக்க, அசைந்தது ரெக்கவரி வண்டி. ஈர மண்ணில் சறுக்கிக்கொண்டு அதுவும் குளத்தை நோக்கி ஒரு முழம், இரண்டு முழம் என்று இறங்க ஆரம்பித்தது. சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைக்கவேண்டும் என்று இரண்டு வருடமாக எல்லாருக்கும் மெசேஜ் போனது, போகாத ஒரே ஆள் இவன்தான். பக்கிரி தேருக்கு வைத்திருந்த முட்டுக்கட்டையைத் தூக்கிவந்து சக்கரத்தடியில் சொருகியதால் வண்டி தப்பியது.

"அத்த நிறுத்து மாப்ள," என்றார் பச்சையப்பன். "வடத்தக் கட்டுங்கடா."

காய்ந்துகொண்டிருந்த தேர்வடத்தைக் கொண்டுவந்து காரின் கொக்கியில் கட்டினார்கள். ஸ்டீயரிங் பிடிக்க ஆள் வேண்டும் என்றதும், கம்பெனிக் காரை வேறு யாரும் தொடக்கூடாது என்று உலகநாதனே பேன்ட்டை மடித்துவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி உள்ளே உட்கார்ந்தார். ஊர் வடத்தைப் பிடித்தது. யாரோ பழக்கதோஷத்தில் அரோகரா போட்டார்கள். ஒரே இழுப்பில் கார் கரையேறியது.

போதும், நிறுத்துங்கள் என்று உலகநாதன் கண்ணாடியை இறக்கிச் சொன்னார். அவருக்கு அந்த ஊர் வழக்கம் தெரியாது. வடத்தை ஊர் தொட்டுவிட்டால் நடுவழியில் விடக்கூடாது. நான்கு தெருவும் சுற்றி, நிலையில் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் கையை எடுக்கவேண்டும். எந்த வருடமோ பாதியில் விட்டதால் அந்தப் போகம் கரும்பு செத்தது என்று எல்லாருக்கும் நினைவிருந்தது. வடத்தின் மறுமுனையில் கட்டியிருப்பது தேரா காரா என்பது இதில் சேராது.

கார் கிழக்குத் தெருவில் திரும்பியது. திருப்பத்தில் பக்கிரி முன்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுத் திருப்பினார், ஸ்டீயரிங் இருக்கிறது என்று உலகநாதன் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. வாசலுக்கு வாசல் பெண்கள் குடத்துத் தண்ணீரை டயரில் ஊற்றினார்கள். மேற்குத் தெருவில் காசம்மாள் கற்பூரம் காட்டினாள். அவள் ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலுக்குப் போகிறவள், ஆனாலும் தேர் வாசலுக்கு வந்தால் சும்மா நிற்க முடியுமா. உலகநாதன் முதல் தெருவில் ஹார்ன் அடித்துப் பார்த்தார். இரண்டாவது தெருவில் கை கூப்பினார். மூன்றாவது தெருவில் அவருக்கே தெரியாமல் ஒரு குழந்தைக்குத் திருநீறு பூசிவிட்டிருந்தார். எதிர்வீட்டுச் சித்தப்பாகூட வெளியே வந்து வடத்தில் கை வைத்தார். அண்ணன் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று இடம் விட்டார்.

தேர் நிலையில் கார் வந்து நின்றது. வடத்தைக் கீழே போட்டார்கள். முதல் மரியாதை என்று உலகநாதன் தலையில் பரிவட்டம் கட்டி, கையில் சர்க்கரைப் பொங்கலைக் கொடுத்தார் பச்சையப்பன். ஈரப் பேன்ட்டோடு அவர் அதை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஊர்ல முப்பது வருஷம் வண்டி ஓட்டியிருக்கேன்," என்று புகழ்வேந்தனிடம் சொன்னார். "ஒரு தடவைகூட என் வண்டி உருண்டதில்லை."

போனில் பதிவானதை ஒருமுறை போட்டுக் கேட்டார். எங்க ஏரியால மலை, ஐயோ, வண்டி உருளுது. அதை அப்படியே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். சரிவில் வாகனம் உருண்டது, மீட்பாளர் உடனே வந்தார், பகுதியில் மாற்றம் தேவையில்லை என்று கீழே ஒரு வரி சேர்த்தார். பிறகு காரில் ஏறிப் பொங்கல் தின்ன உட்கார்ந்தவர், தேர் நிலையின் தட்டைத் தரையில், யாரும் சொல்லாமலே கைப்பிரேக்கை இழுத்துவிட்டுக்கொண்டார்.

வேலை தப்பியது. புகழ்வேந்தன் குளக்கரைக்குத் திரும்பி வின்ச் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான். பின்னால் மாமனார் வந்து நின்றார்.

"மாப்ள."

"சொல்லுங்க மாமா."

"அந்தப் போன்ல மலைன்னு ஆரம்பிச்சியே. அதுக்கு மேல இன்னா சொல்ல வந்த?"

புகழ்வேந்தன் கம்பியை விட்டுவிட்டு நிமிர்ந்தான். அவர் கண்ணில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. அவனுக்கு அழுகை வரும்போல இருந்தது.

"ஒயரம் கொஞ்சம் கம்மின்னு சொல்ல வந்தேன் மாமா."

பச்சையப்பன் திரும்பி மலையைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து பார்க்கிற மலைதான். அன்றைக்கு அடியிலிருந்து உச்சி வரை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார். அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

"கம்மிதான்," என்றார். "சித்திரைல கொளம் வத்திடும். உன் வண்டிய எட்த்துனு வா. இன்னும் கொஞ்சம் மண்ணு ஏத்துவோம்."